மூன்றாம் ஓலை

என் கல்யாணத்துக்குத் தடை சொன்னவர் என் புருஷன்தான். அவர் செத்து ஆறு வருஷம் ஆகிறது.

இதை நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. சுற்றிவளைத்துச் சொல்லப்போனால் கேட்கிறவர்கள் பாதியிலேயே என்னைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடிக்காதது அதுதான்.

ஓலை வாசிப்பது என்றால் எங்கள் சபைக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில், குருவானவர் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சபை முன்னால் வாசிப்பார். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம் நிறுத்துவார். அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. கொட்டாவி விடுவார்கள், பிள்ளையை அதட்டுவார்கள். அதோடு ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்.

அன்றைக்கு நவராஜ் ஐயர் என் பெயரையும் எட்வின் தங்கப்பழம் பெயரையும் வாசித்தார். "இது முதலாம் ஓலை. தடை உண்டானால் சொல்லலாம்" என்று நிறுத்தினார்.

"தடை உண்டு ஐயா," என்று என் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "பியூலா என் சம்சாரம்லா."

ஆசீரின் குரல். பாடகர் குழுவில் அடிக்குரல் பாடிய அதே கனமான குரல். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், ஐயர் ஏதோ ஞாபக மறதியில் வாசித்துவிட்டார், திருத்திக்கொள்வார் என்கிற மாதிரி. சபை மொத்தமும் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. நான் கண்ணாடியைக் கழற்றினேன். புனேயில் என் அறையில், துவைத்த துணி மடிக்காமல் கிடந்த கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

இரட்சணியபுரத்தில் இருக்கிற எங்கள் கோயிலில் இப்போது வவ்வால்கள்தான் ஆராதனை நடத்துகின்றன. கிணறெல்லாம் உப்பாகிப்போய் ஊர்க்காரர்கள் நாலா திசைக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். நான் புனேயில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு காலை கண்ணாடியை எடுத்து மாட்டினால் கோயிலுக்குள் இருப்பேன். அதே தூண்கள், அதே பெஞ்சுகள். முன் பெஞ்சில் மஸ்கட்டிலிருந்து ஒருத்தி, பின் பெஞ்சில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், எல்லாரும் ஊர் முகங்கள். இதற்கு வலைக்கோயில் என்று பெயர்.

இதைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆசீர் போனபோது நான் குடியிருந்த மாடிப்படியில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. கிருபை அக்கா தூத்துக்குடியில் தன் சமையலறையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பகல் முழுக்க என்னோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் சொந்தம் ஒன்றும் இல்லை, கோயிலில் எங்களுக்குப் பின் பெஞ்சு, அவ்வளவுதான். "அரிசியக் களை பிள்ள" என்பாள், களைவேன். "அடுப்பப் பத்தவை" என்பாள், பற்றவைப்பேன். அவள் இல்லையென்றால் நான் அந்தக் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன். வேலை வாங்கித் தந்ததும் சபை ஆள், காய்ச்சலில் கிடந்தபோது மணிக்கொரு தரம் விசாரித்ததும் சபை ஆள். புனேயில் எனக்கு இருந்தது ஒரு அறை, வலைக்கோயிலில் இருந்தது ஒரு ஊர்.

அங்கே பதிலாள் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்காக வந்தது. நம் முகம், நம் குரல், நாம் வருஷக்கணக்கில் ஜெபித்தது, பாடியது, பக்கத்து ஆளிடம் குசுகுசுத்தது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, நாம் வராத அன்று நம் இடத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கும். நாம் சொல்வதைச் சொல்லும். பக்கத்தில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆசீரை அடக்கம் பண்ணிய அடுத்த ஞாயிறு நான் கண்ணாடியை மாட்டினேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியைக் கழற்றி எறிந்தேன். கொஞ்சநேரம் கழித்து எடுத்து மாட்டினேன். சாவு விழுந்த எல்லா வீட்டிலும் இதுதான் நடந்தது. கழற்றி எறியாதவர்களும் கிடையாது, திரும்ப மாட்டாதவர்களும் கிடையாது. அதற்குப் பிறகுதான் வலைக்கோயிலில் கூட்டம் அம்மியது. வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு எட்டிப்பார்த்தவர்கள்கூட வாராவாரம் வந்தார்கள்.

கிருபை அக்காவின் மகன் ஜெபஸ் பதினோரு வயதில் குளத்தில் மூழ்கிப் போனவன். இன்றைக்கும் அவள் பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என்னைப் பார்த்தால் "ஸ்தோத்திரம் பியூலாக்கா" என்று பல்லைக் காட்டுவான். அவனிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று சட்டம் இல்லை. துக்க வீட்டில் போய்ப் பலகாரம் கேட்கக்கூடாது என்று யாராவது சட்டமா போட்டு வைத்திருக்கிறார்கள், அந்த மாதிரி.

முதல் ஓலை வாசித்த அன்று ஐயரே எனக்குப் போன் பண்ணினார்.

"பியூலாம்மா, மனசைப் போட்டு அலட்டிக்கிடாதீங்க. பதிலாள்தானே, என்னத்தையோ சொல்லுது."

"அப்போ அந்தத் தடையை எடுத்துட்டீங்களா ஐயா?"

"அதெப்படிம்மா எடுக்க? பெட்டியில பதிவாயிட்டு. தடை சொன்னவர் முழு அங்கத்தினர். குடும்பத் தலைவர் வேற."

வலைக்கோயிலை நடத்துகிற இயந்திரத்தை எங்கள் ஆட்கள் பெட்டி என்றுதான் சொல்வார்கள்.

"ஐயா, அவரை அடக்கம் பண்ணுனதே நீங்கதானே. அப்புறம் என்ன குடும்பத் தலைவர்?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அம்மா, நாம கோயில்ல ஒருத்தர் செத்துட்டார்னு சொல்லுவோமா? என்ன சொல்லுவோம்?"

"கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்ம்போம்."

"அதுல வந்த வினைதான். ஒரு ஆள் ஏன் வரலங்கிறதுக்குப் பெட்டியில நாலு காரணம்தான் வச்சிருக்கான். வேலை, பயணம், சுகவீனம், நித்திரை. ராத்திரி வேலை பாக்கிறவங்க பகல்ல தூங்குவாங்கள்லா, அவங்களுக்காக வச்சது அது. ஆசீர் தவறுன அன்னைக்கு சபைப் பதிவெல்லாம் பாக்கிற நம்ம சேகரக் காரியதரிசி நித்திரைன்னு போட்டுட்டார். அவருக்கு அது சரியாத்தானே பட்டிருக்கும். பெட்டிக்கு என்ன தெரியும்? ஆள் தூங்குதாரு, எந்திரிச்சு வார வரைக்கும் பதிலாள் இருக்கட்டும்னு வச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சிரித்தேன். ஆறு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன், அவர் என்னவென்றால் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

"இறப்புச் சான்றிதழ் அனுப்புதேன் ஐயா. திருத்திருங்க."

"அதைப் போட எடமே இல்லம்மா. கோயிலுக்குள்ள அந்தப் பேச்சு எதுக்குன்னு செய்யும்போதே விட்டுட்டாங்க. நித்திரையை எடுக்கணும்னா தூங்குத ஆளே எந்திரிச்சு வந்து சொல்லணும். இல்லன்னா குடும்பத் தலைவர் சொல்லணும்."

"குடும்பத் தலைவர் யாரு?"

"ஆசீர்தான்."

"சரி, நான் வேற சபைக்குப் போயிடுதேன். மாற்றுச் சீட்டு தாங்க."

"அதுக்கும் குடும்பத் தலைவர் சம்மதம் வேணும்லா. அப்படியே போனாலும், எந்தச் சபைக்கும்மா போவீங்க? எல்லாருக்கும் இதே பெட்டிதான்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எட்வின் தங்கப்பழம் எங்கள் கோயில் ஆர்கன்காரர். இரட்சணியபுரத்துக்காரர்தான், புனேயில் கார் தொழிற்சாலையில் வேலை. வலைக்கோயிலில் எட்டு மாதம் ஒன்றாகப் பாடிய பிறகுதான், அவர் வீடு என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம் என்று தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே அவர் ஒரு பையில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கண்ணாடி இல்லாமல் சபை ஆள் ஒருவரை நான் பார்த்தது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான். பழத்தை அவர் கையிலிருந்து வாங்கும்போது விரல் பட்டது. இவ்வளவு வருஷத்தில் எனக்கு இல்லாமல் போனது என்ன என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது ஐயர் போனில் சொன்னதையெல்லாம் கேட்டு அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு நாப்பத்தஞ்சு வயசு ஆகுது. என்னப் பாத்துப் பொறாமைப்பட்ட மொத ஆளு இவருதான். அவரும் உயிரோட இல்ல."

"விளையாடாதீங்க."

"ரெஜிஸ்டர் ஆபீஸ்ல போய்ப் பண்ணிக்கிடுவோம் பியூலா."

"ஓலை இல்லாமப் பண்ணுனா ஒழுங்கு நடவடிக்கைதான். கோயில் நடை மிதிக்க விடமாட்டாங்க. உங்களுக்கு ஆர்கனும் போயிரும்."

"போனாப் போகுது."

"உங்களுக்குப் போகும். எனக்கு அவங்கதான் எல்லாம்."

நடுவாரத்தில் குடும்ப ஜெபத்துக்காக வலைக்கோயிலைத் திறந்து வைத்திருப்பார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆசீர் எங்கள் பெஞ்சில் தனியாக இருந்தார்.

"என்ன பியூலா, வேலைக்குப் போகலையா?" என்றார். "நல்ல வேளை வந்த. ஐயர் ஏன் உன் பேரை ஓலையில வாசிச்சாரு? வேற யாரோ பியூலான்னு பாத்தா, தகப்பன் பேரும் மாமா பேராத்தான் இருக்கு."

"என் பேருதாங்க."

அவர் புத்தகத்தை மூடினார். "நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

அவர் நல்ல மனுஷன். அதுதான் எனக்குக் கஷ்டமே. குடித்து அடித்த புருஷனாக இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

"நீங்க ஒரு குத்தமும் செய்யலங்க. நீங்க செத்துட்டீங்க."

"எப்போ?"

"ஆறு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல வச்சு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இல்லங்க."

"நல்லதாப் போச்சு. நீ பயந்துக்கிடுவ." தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த எட்வின், ஆர்கன் வாசிக்கிறவன்தானே? தாளம் பிந்துவான்."

"மத்தபடி நல்லவரு."

"அப்போ சரி. நல்லா இரு பியூலா."

நான் வாய்விட்டு அழுதேன். புருஷன் செத்ததுக்கு அன்றைக்குத்தான் சரியாக அழுதேன் என்று சொல்லவேண்டும். மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி என்ன ஏது என்று இந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை, வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் இரண்டாம் ஓலையை வாசித்தார். எனக்கு மனசு லேசாக இருந்தது. நிறுத்தினார்.

"தடை உண்டு ஐயா," என்றார் ஆசீர். அதே சிரிப்பு. "பியூலா என் சம்சாரம்லா."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "என்ன பியூலா, ஐயர் மறுபடியும் மாத்தி வாசிக்காரு" என்று என் காதோரம் சொன்னார்.

இந்தத் தடவை நானே ஐயருக்குப் போன் பண்ணிச் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பதிலாள் ஆராதனையில நடக்கிறதை மட்டுந்தான் மனசுல வச்சுக்கிடும். தனியாப் பேசுனதையும் வச்சா வீட்டுக்கு வீடு ரகசியம் வெளியே வந்திரும்னு அப்படிப் பண்ணியிருக்கான். நீங்க அவருகிட்ட சொன்னது கோயிலைச் சாத்துனதும் போயிரும்மா."

"அப்போ ஆராதனையில வச்சே சொல்லுதேன்."

"சொல்லலாம். சபையில சொன்ன தடைக்குச் சபையிலதான் பதில் சொல்லணும், அது உங்க உரிமை." அவர் குரல் இறங்கியது. "ஆனா நித்திரைங்கிறது எல்லாப் பெஞ்சுக்கும் ஒரே வார்த்தை. சபை நடுவுல அதுக்கு அர்த்தம் இன்னதுன்னு சொல்லிட்டா, ஆசீருக்குத் தெரியுறதோட நிக்காது. அந்த வார்த்தை போட்டு வச்சிருக்க அத்தனை பேருக்கும் தெரிஞ்சிரும்."

"அன்னைக்கு மட்டும் அவங்க காதை அடைச்சு வைங்களேன்."

"ஓலை வாசிக்கும்போது ஒருத்தர் காதையும் அடைக்கக் கூடாதும்மா. எல்லாரும் கேக்கத்தானே ஓலை."

"உங்களுக்கு என்ன ஐயா, நாலு பெஞ்சு காலியாயிருமேன்னு பயமா?"

"எங்க தங்கச்சி பாடகர் பெஞ்சுல இருக்கா," என்றார் அவர். அதற்கு மேல் நான் சத்தம் போடவில்லை.

அந்த வாரம் கிருபை அக்கா கூப்பிட்டாள். குரலைக் கேட்டதுமே விஷயம் அவளுக்கு எட்டிவிட்டது என்று தெரிந்துபோயிற்று.

"நீ சொல்லப் போறியாமே. ஐயரம்மா சொன்னா."

"வேற என்னக்கா செய்ய?"

"நீ கல்யாணம் பண்ணு. நான் ஒரு நாளும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எட்வின் தங்கமான மனுஷன். அந்த வார்த்தையை மட்டும் சொல்லாத பிள்ள."

"அதைச் சொல்லாம எனக்குக் கல்யாணம் நடக்காதேக்கா."

"பள்ளிக்கூடம் விட்டு வந்தான். குளிச்சிட்டு வாரேம்மான்னு துண்டைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான்." அவள் அழவில்லை. "எனக்கு அவன் தூங்குதான். தூங்குத பிள்ளைய எழுப்பி, நீ செத்துட்டடான்னு யாராவது சொல்லுவாங்களா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. "அப்போ என்னை மட்டும் உயிரோட புதைச்சிரலாமாக்கா? உங்க பிள்ளை தூங்கணும்ங்கிறதுக்காக நான் காலம் பூரா அவர் பக்கத்துல உக்காந்திருக்கணுமா?"

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையில் அவள் என்னைக் கட்டிப்போட்டுவிட்டாள் என்று கோபம் கோபமாக வந்தது. இல்லை, சொல்லத்தான் போகிறேன் என்று முடிவு பண்ணினேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். ஆசீர் செத்துவிட்டார். சொல்வதற்கு என்ன, நாக்கு வெந்தா போகும்.

மூன்றாம் ஞாயிறு கோயிலில் இடம் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிலர் தங்கள் ஆட்களுக்கு முன்னால் தோளைக் கொடுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். ஆசீர் உண்டென்றார். அதே சிரிப்பு.

"பியூலாம்மா," என்றார் ஐயர். "சொன்ன தடைக்குப் பதில் உண்டானால் சொல்லுங்க."

நான் எழுந்தேன். ஆர்கன் பக்கத்திலிருந்து எட்வின் என்னைப் பார்த்தார். பரவாயில்லை, என்ன சொன்னாலும் சரி என்கிற மாதிரிதான் பார்த்தார். நான் சபையைப் பார்த்துத் திரும்பினேன். பின் பெஞ்சில் கிருபை அக்கா ஜெபஸின் காதுகளைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளைக்கு அங்கே காது கிடையாது. இருப்பது படம். அவள் கை பொத்திக்கொண்டிருந்தது தூத்துக்குடியில் அவள் சமையலறைக் காற்றை. அது அவளுக்குத் தெரியாமலா இருக்கும். ஆனாலும் விரலெல்லாம் விறைத்துப்போகிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"அம்மா, கூசுது. விடும்மா," என்று ஜெபஸ் நெளிந்து சிரித்தான்.

எனக்கு நாக்கு வரவில்லை. வார்த்தை வாய்க்குள்ளேதான் இருந்தது, வாரம் முழுக்கச் சொல்லிப் பழகிய வார்த்தை. எவ்வளவோ முயன்றேன். என்னால் முடியவில்லை.

"ஓலையை வாபஸ் வாங்கிக்கிடுதேன் ஐயா," என்றேன்.

கோயில் முழுக்க மூச்சு விட்டது. கிருபை அக்கா கையை எடுக்கவில்லை. நான் உட்கார்ந்தேன், ஆசீர் என் பக்கம் சாய்ந்து "நான் அப்பவே சொன்னேம்லா, ஏதோ குழப்பம்னு" என்றார். எட்வின் அடுத்த பாட்டை ஆரம்பித்தார். தாளம் பிந்தியது.

மறுவாரம் நாங்கள் ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டோம். சாட்சிக்கு எட்வினோடு வேலை பார்க்கிறவர்கள் வந்தார்கள். வெளியே வந்து டீ குடித்தோம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சேகரக் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. எட்வினுக்கும் எனக்கும் கோயிலில் இடம் கிடையாது. எட்வின் தன் வீட்டுக்குத் தானே தலைவர், விலகுகிறேன் என்று ஒரு வரி சொன்னார், முடிந்தது. எனக்கு ஐயர் போன் பண்ணினார்.

"உங்க கண்ணாடியில இனிமே கோயில் திறக்காதும்மா. என்னைத் தப்பா நெனைச்சுக்கிடாதீங்க."

"தெரியும் ஐயா. எதிர்பாத்ததுதான். என் பெஞ்சை யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"பெஞ்சு காலியா இல்லம்மா. உங்க பதிலாள் இருக்கால்லா."

"என்னை வெலக்கியாச்சு. அவ எதுக்கு?"

"வெலக்குனது உங்களைத்தான். அவ ஒரு தப்பும் பண்ணலையே. சபை முன்னால ஓலையை வாபஸ் வாங்கிட்டுப் புருஷன் பக்கத்துல ஒழுங்கா உக்காந்திருக்கா. பெட்டியில அப்படித்தான் இருக்கு. அவளை எடுக்கணும்னா..."

"குடும்பத் தலைவர் சொல்லணும்."

"ஆமாம்மா."

"நான் ஏன் வரலன்னு என்ன போட்டிருக்கீங்க?"

"பயணம்னு," என்றார் ஐயர்.

முதலில் கொஞ்சநாள் கிருபை அக்கா போன் பண்ணினாள். எனக்குப் புது மருமகளுக்குச் சொல்கிற மாதிரி புத்தி சொன்னாள். எட்வினுக்கு என்ன சமைத்தாய் என்று கேட்பாள். பிறகு அது குறைந்தது. நான் பண்ணினால் எடுப்பாள், "இப்பதானே பிள்ள பேசுனோம்" என்பாள். எப்போது பேசினோம் என்று யோசித்துப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளோடு பேசியிருக்கிறேன். நான் இல்லை, அவள். அக்காவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவளுக்குத் தேவையான பியூலா வாராவாரம் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பியூலாவோ, வாயைத் திறந்தால் என்ன சொல்லிவிடுவாளோ என்று பயப்படவைக்கிறவள். பிறகு நானும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். எட்வின் என்னை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மராத்திக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. கோயில் கட்டிய நாளைக் கொண்டாடுவது. அன்று ஒரு நாள் வலைக்கோயிலில் யாரும் விருந்தாளியாக வரலாம். விருந்தாளிக்கு முகம் கிடையாது, வெள்ளை முக்காடு போட்ட ஒரு உருவம், கடைசிப் பெஞ்சு. குரல் மட்டும் நம்முடையது. எட்வின் புதிதாக ஒரு கண்ணாடி வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்திரு. இல்லன்னா நீ உருப்பட மாட்ட," என்றார்.

போனேன். பலூன் கட்டியிருந்தார்கள். புது ஆர்கன்காரர் தாளம் பிந்தாமல் வாசித்தார். பாட்டு முடிந்ததும் எல்லாரும் எழுந்து ஒருவரையொருவர் வாழ்த்தினார்கள். கிருபை அக்கா முன் பெஞ்சுக்குக் குனிந்து ஏதோ சொன்னாள். ஊதா சேலை கட்டிய பெண் ஒருத்தி திரும்பிச் சிரித்தாள், ஜெபஸ் அவள் ஜடையைப் பிடித்து இழுத்தான். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. நான் எப்போது அப்படிச் சிரித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

விருந்தாளிகளை வரவேற்பது எப்போதும் ஆசீரின் வேலை. அவளையும் கூட்டிக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்கு வந்தார்.

"ஸ்தோத்திரம்," என்றாள் அவள், என் முகத்தோடு. "நீங்க எந்த ஊரு?"

"புனே," என்றேன்.

"நாங்களும் புனேதான். தனியாவா இருக்கீங்க? ஒத்தையில இருக்காதீங்க, வாராவாரம் இங்க வாங்க. இங்க எல்லாரும் சொந்தம் மாதிரி." அவள் மனசாரத்தான் சொன்னாள்.

ஆசீர் தலையைச் சாய்த்து என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நெற்றி சுருங்கியது. முக்காட்டுக்குள் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி ஒரு எட்டு கிட்டே வந்தார்.

"உங்க குரல் எங்க வீட்டம்மா குரல் மாதிரியே இருக்கும்மா," என்றார்.

ஆறு வருஷமாக நான் சொல்லவேண்டியிருந்ததை எல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் ஜெபஸ் பலூனைத் தட்டிக்கொண்டு ஓடினான்.

"அப்படியா அண்ணே," என்றேன்.